ஓவியக் குழுக்கள் வியூபாயிண்ட்டை விட்டு இறங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் நெருங்கினால் போதும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இயற்கை ஓவியக் குழுக்கள் புதிது புதிதாக முளைக்கின்றன. வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் சேர்கிறார்கள். முதல் ஞாயிறு டால்பின்ஸ் நோஸ், அடுத்தது தொட்டபெட்டா, அதற்கடுத்தது பைக்காரா. பிறகு ஆளையே காணோம். ஆர்வம் வடிந்துவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். எங்கள் கணிப்பு வேறு. சுற்றுலா வேன் போகிற வழியிலேயே ஓவியக் குழுவும் போனால் சுற்றுலாதான் நடக்கும், படம் நடக்காது. குழு நடத்துகிறவர்களுக்கும் தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் சில விவரங்களை எழுதுகிறோம்.

முதலில் இடம். வியூபாயிண்ட் என்பது புதியவருக்கு மிகக் கடினமான பாடம். தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் நின்று கீழே பார்த்தால் எல்லாமே தூரம். கண்ணுக்குப் பிடிமானமாக அருகில் ஒன்றும் இருக்காது. ஐந்து மலைத்தொடர்களையும் ஒரே அழுத்தத்தில் வரைந்து, ஒரே நீலத்தைப் பூசிவிட்டு, ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்பார்கள். போதாக்குறைக்குக் காற்று தாளைப் பறிக்கும், பின்னால் செல்ஃபி கூட்டம் தோளில் இடிக்கும். அதைவிட 1874-ல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்கா போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு ஓராண்டு முழுவதும் அங்கேயே போங்கள். சரிவு, குளம், வயதான மரங்கள், மழைக்கு ஒதுங்க இடம், கழிப்பறை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஊட்டிக்காரர்களுக்குத் தாவரவியல் பூங்கா. புல்வெளிப் பக்கம் கூட்டம் இருந்தாலும் பெரணி இல்லமும் கல்லாகிப்போன மரத்தண்டும் அமைதியான மூலைகள். ஒரே மரத்தை ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஜூலையிலும் அக்டோபரிலும் வரைந்தவருக்கு அந்த மரம் தெரியும். பத்து இடங்களில் பத்து மரங்களை வரைந்தவருக்குப் பத்து இடங்களின் பார்க்கிங் மட்டும் தெரியும்.

ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முடிவில் எல்லாப் படங்களையும் பரப்பி வைத்துப் பேசும்போது ஆளுக்கு இரண்டு நிமிடமாவது கிடைக்க வேண்டும். நாற்பது பேர் வந்தால் அது நடக்காது. நடத்துகிறவர்களில் ஒருவர் ஒரு வாரம் முன்பே, வரையப்போகும் அதே நேரத்தில் போய்ப் பார்த்து வர வேண்டும். மாலையில் பார்த்து வந்து காலைக்குத் திட்டம் போட்டால் வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருக்கும். உட்காரும் இடம் நிழலா, அந்த நிழல் பத்து மணிக்கு எங்கே போகும், சாலை வளைவுக்கு எவ்வளவு பக்கம், தலைக்கு மேலே மலைத்தேனீக் கூடு இருக்கிறதா, வயதானவர்கள் நடக்கும் தூரம் அரை கிலோமீட்டருக்குள் அடங்குமா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நேரத்தைப் பொறுத்தவரை, குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் காலைதான் நம்முடையது. வெயில் ஏற ஏற மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து சூடான காற்று சரிவில் ஏறி மேகமாகிறது. மதியத்துக்குள் எதிர்மலை பல நாட்களில் மறைந்துவிடும். அதற்காக விடிவதற்கு முன்பே தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. கரடி நடமாட்டம் அந்த நேரத்தில்தான் அதிகம். ஏழரைக்குக் கூடி, பத்தரைக்குள் தூரிகையைக் கழுவிவிடலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் எட்டரைக்குத் தொடங்குவது நல்லது. விறைத்த விரலால் கோடு போட முடியாது.

மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் பையைத் திறக்காமல் பார்ப்பது மட்டும். அடுத்து, தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் ஐந்து சிறு முன்வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிமிடம். அட்டையில் 6 × 8 செ.மீ. அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி அதன் வழியே பார்த்தால் எதை விடுவது என்பது தானே தெரியும். ஐந்தில் ஒன்றைத் தேர்ந்து, வெள்ளை, நடுத்தரம், கருமை என்று மூன்றே தொனிகளில் இருபது நிமிடம் பென்சில் படம். நிழல்களின் எல்லையை இந்தப் படத்திலேயே பூட்டிவிட வேண்டும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. வண்ணம் பூசும்போது நிழலைத் துரத்திக்கொண்டே போனால் ஒரு மரத்துக்கு மூன்று திசையில் நிழல் விழும். பிறகு எழுபத்தைந்து நிமிடம் முழுப்படம். மீதியில் பார்வையிடலும் பேச்சும் தேநீரும். பேச்சில் “நன்றாக இருக்கிறது” என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். கண் முதலில் எங்கே போனது, எந்த இடம் புரியவில்லை என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும்.

இந்த மலையில் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். சமவெளியில் எடுத்த வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் திணறுகிறார்கள். பனிமூட்டத்தில் பூசிய பூச்சு காய்வதே இல்லை. பாதி காய்ந்த நிலையில் அடுத்த பூச்சை வைத்தால் தண்ணீர் உள்ளே ஓடி, விளிம்பு சுருண்ட திட்டுகள் விழும். தாளைக் காயவைக்க முடியாதபோது தண்ணீரைத்தான் குறைக்க வேண்டும். தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடுங்கள். ஒரே அட்டையில் A5 அளவில் இரண்டு படங்களை அக்கம்பக்கமாக ஒட்டி, ஒன்று காயும்வரை மற்றதில் வேலை செய்யலாம். மூட்டம் மிக அதிகமென்றால் வாட்டர்கலரை மூடிவிட்டு, நீரில் கரையாத மையுள்ள 0.1, 0.3 மெல்லிய முனைப் பேனாக்களுக்குப் போய்விடுங்கள். ஈரம் உறிஞ்சிய தாளில் 2H பென்சில் பள்ளம் இழுக்கும். பிறகு வண்ணம் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கறுப்புக் கோடாக நிற்கும். HB போதும், அதையும் லேசாக.

தாள் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கட்டும். 200-க்குக் கீழே போனால் அலை அலையாகச் சுருளும், நான்கு பக்கமும் டேப் ஒட்டினாலும் தாங்காது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்த தாளில் மேற்பூச்சுப் பசை கெட்டுவிடும். வண்ணம் வைத்த இடத்தில் பிளாட்டிங் பேப்பர் போல உறிஞ்சி, புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தத் தாளை மீட்க வழியில்லை. பேனா வேலைக்கு ஒதுக்குங்கள். மீதியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈசல் வாங்க வேண்டாம், சரிவில் அது நிற்காது. 30 × 40 செ.மீ. மெல்லிய பிளைவுட், இரண்டு கிளிப், மடியில் வைத்துக்கொள்ள மடித்த சாக்கு, அவ்வளவுதான். குடை கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும். சிவப்புக் குடையின் கீழே தாளும் சிவக்கும், நீங்கள் கலக்கும் பச்சையெல்லாம் பொய்யாகிவிடும். நேர்வெயிலில் தாளை வைத்தாலும் சிக்கல்தான். வெள்ளை கண்ணைக் கூசவைப்பதால் தேவைக்கு மேல் அடர்த்தியாகப் பூசிவிடுவோம், வீட்டுக்குள் கொண்டு வந்தால் படம் இருண்டு கிடக்கும்.

ஆறு வண்ணங்கள் தாராளம்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பெர்மனென்ட் ரோஸ், அல்ட்ராமரின், தாலோ ப்ளூ. டியூப் பச்சையை வாங்காதீர்கள். அதை நேரடியாகப் பூசிய தேயிலைத் தோட்டம் பிளாஸ்டிக் பாய் விரித்தது மாதிரி இருக்கும். கொழுந்துக்கு லெமன் யெல்லோவில் துளி அல்ட்ராமரின். முற்றிய இலைக்கு அல்ட்ராமரினும் ஓக்கரும் கலந்து, சியன்னா தொட்டு அடக்க வேண்டும். தூரத்து மலை அல்ட்ராமரினில் மிகக் கொஞ்சம் சியன்னா. தூரம் கூடக்கூடத் தண்ணீர் கூடும், விளிம்பு மங்கும். மூட்டத்தை வெள்ளை வண்ணத்தால் போடுகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். அது பூசாமல் விட்ட தாள்.

என்ன வரைவது என்று கேட்டால், கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதை என்போம். ஒரு கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இளங்கிளையில் இலை வட்டமாக, நீலச் சாம்பல் பூத்து, எதிரெதிராக ஒட்டியிருக்கும்; தண்டு சதுரம். அதே மரத்தின் முதிர்ந்த கிளையில் இலை அரிவாள் போல நீண்டு தொங்கும். தொங்குவதால் வெளிச்சம் இலைகளுக்கிடையே கீழே இறங்கிவிடும். மாமரம் போல அடர்ந்த நிழல் போட்டு வரைந்தால் அது கற்பூர மரமாகவே தெரியாது. பிளாக்வுட் என்ற அகேசியா மரத்தின் நாற்றிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. சீகை போன்ற சிறகிலையும், இலைபோல் தட்டையான காம்பும் ஒரே கிளையில் இருக்கும். அந்த ஒரு கிளைக்கே ஒரு காலைப்பொழுது போதாது. குளிர்காலத்தில் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) சிவந்து பூக்கும்போது முதலில் பூ, பிறகு மொட்டு, கடைசியில் இலை என்ற வரிசையில் போங்கள். இதழ் முதலில் வாடும், இலை காத்திருக்கும். மகரந்தத் தாள் பத்து என்று எண்ணி வரையுங்கள். இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், மேற்பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டிவைடரால் அளந்து, இயற்கை அளவில் வரைந்து, பக்கத்தில் ஒரு செ.மீ. அளவுகோடு போட்டு, தேதி, இடம், உயரம் எழுதினால் அந்தத் தாள் பத்தாண்டு கழித்தும் பயன்படும்.

பறிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. காப்புக்காட்டில் பூவோ பெரணியோ பறிப்பது குற்றம். உதிர்ந்ததை அங்கேயே வைத்து வரைந்துவிட்டு வாருங்கள். பறவைக்குப் போனில் ஒலி போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். நீலகிரி சிரிப்பான் கூப்பிடாமலே புதருக்குள் தாவிக்கொண்டிருக்கும். பத்து விநாடியில் உடம்பின் சாய்வு, தலை, வால் மூன்றை மட்டும் பிடித்து, பக்கம் நிறைய அரைகுறைப் படங்களாக நிரப்புங்கள். அடுத்த முறை அது அதே தோரணையில் நிற்கும்போது விட்ட இடத்தில் தொடரலாம்.

கோத்தகிரி லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் காப்புக்காடு, 2024-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். கடிதத்தில் தேதி, நேரம், ஆட்களின் பெயர்ப் பட்டியல், வண்டி எண், டிரோன் இல்லை, செடி பறிப்பதில்லை என்பதை எழுதி, இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய்க் கேட்டில் நின்று திரும்பிய குழுக்கள் உண்டு. எஸ்டேட்டுக்குள் போக நிர்வாகியிடம் கேட்கும்போதே மருந்தடிப்பு எந்தப் பகுதியில், எந்த நாளில் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தடித்த நிரைகளுக்கிடையே உட்கார்ந்து, கை கழுவாமல் வடை தின்பது விளையாட்டில்லை. தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) கோயில் பக்கம் போகாமல், பெரியவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். காட்டெருமை வந்தால் படத்தைவிட உயிர் பெரிது: எழுந்து கத்தாமல், அதற்கு வழிவிட்டுப் பின்வாங்க வேண்டும். அதனால்தான் ஒரே வழியுள்ள இடத்தில் குழுவை உட்காரவைக்கக் கூடாது. மாவட்டத்துக்கு வெளியிலிருந்து சொந்த வண்டியில் வரும் விருந்தினர்களுக்கு இ-பாஸ் பதிவை முந்தின நாளே முடித்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். கழுவிய அழுக்குத் தண்ணீரை ஓடையில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் திருப்பிக் கொண்டுவாருங்கள். சில வண்ணங்களில் காட்மியமும் கோபால்ட்டும் இருக்கின்றன.

மழையைப் பார்த்துத்தான் ஆண்டுத் திட்டம் போட வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும்போது குன்னூர், கோத்தகிரியில் ஓரளவு வரையலாம், காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு மட்டும் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு. அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் நிலச்சரிவுக் காலம். வெளியே போகாமல் ஒரு கூடத்துக்குள் இருந்துவிடுவது மேல். அப்போது ஆறு வண்ணங்களின் கலவை அட்டவணை போடலாம், வீட்டுத் தோட்டத்து இலைகளை அழுத்திக் காயவைக்கலாம். தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக 19ஆம் நூற்றாண்டில் தாவரங்களை வரைந்த நம் நாட்டு ஓவியர்கள் ரங்கையா, கோவிந்து இருவரின் படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. பூவின் உறுப்புகளைப் பிரித்துத் தாளின் அடியில் அவர்கள் அடுக்கும் விதத்தைப் பார்த்து ஒரு நாள் பிரதி எடுத்தாலே கை திருந்தும். கோத்தகிரிப் பக்கத்து ஆலு குறும்பர் ஓவியர்கள் வேங்கைப் பிசினிலும் இலைச்சாற்றிலும் வரைகிறார்கள். அவர்களில் ஒருவரை, உரிய சன்மானம் கொடுத்து, கற்றுத்தர அழைக்கலாம். சும்மா வந்து செய்து காட்டச் சொல்வது முறையல்ல.

நீண்ட வேலை வேண்டும் என்கிற குழுவுக்கு ஒரு யோசனை. 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பெருவாரியாகப் பூத்தது, அடுத்தது 2030. பூ வந்தபின் கூட்டத்தோடு ஓடாமல், இப்போதே பாதையோரப் புதர் ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதன் தண்டையும் இலையையும் வரைந்து வாருங்கள்.

கடைசியாகப் பூங்கா நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே மாதங்களில், வார நாட்களில் காலை 7 முதல் 9 மணி வரை, பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வரைய ஒரு மூலையை ஒதுக்கித் தர வேண்டும். நுழைவுக் கட்டணத்தை வழக்கம்போலச் செலுத்துகிறோம். நாற்காலி, மேசை எதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அந்த மூலையில் ஸ்பீக்கர் ஒலிக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
இயற்கை ஓவியக் குழுவினர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.