காய் பிடிக்காத பூக்ல் தொரே

குயூர்பீப், மொரீசியஸ்

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் நலம். உன் பூக்ல் தொரே செடி நிறையப் பூத்தும் காய் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். உரத்தை ஏற்றாதே, கோளாறு அங்கே இல்லை. அந்தப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் ஆளான பல்லி வரவில்லை.

1992இல் நாட்டு மலரான இது, இயற்கையாக வளர்வது லே மோர்ன் மலையில் மட்டும்தான். இந்தப் பேரினமே ஆறு இனந்தான்: ஐந்து நம்முடையது, ஒன்று ரீயூனியனுடையது. உன் செடியின் பூவுக்குள் எட்டிப் பார், தேன் நிறத்தோடு இருக்கும். நிறமற்ற தேனைவிட நிறமுள்ளதையே நம் பச்சைப் பல்லி நாடுகிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இதன் உறவுச் செடி ஒன்றில், வாக்குவாத் தாழைப் புதரை ஒட்டி நின்றவையே அதிகம் காய்த்தன. தாழை மடல்தான் பல்லிக்குப் பதுங்குமிடம்.

ஆகவே பக்கத்தில் ஒரு வாக்குவா நடு. பல்லி தாவும் தூரம் போதும். அதன் இலை உன் செடியை உரசினால் எறும்புக்குப் பாலமாகிவிடும். வெள்ளைக்கால் எறும்பு பொல்லாதது: மாவுப்பூச்சியை மேய்க்க ரூசியா என்ற நம் நாட்டுச் செடியின் பூ மேலேயே மண்கூடு கட்டி, தேனுக்கு வரும் பல்லியையும் விரட்டிவிடும். மாவுப்பூச்சியைத் துடைத்தெடு, தண்டில் துணி சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவு. பட்டையில் நேராகத் தடவாதே. மருந்து அடித்தால் பல்லியும் போய்விடும்.

தாழை வளரும்வரை உன் கைதான் பல்லி. காலையில், ஈரம் காய்ந்ததும், மெல்லிய தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் சூல்முடியில் தடவு. தொட்ட பூவுக்கு நூல் கட்டு. ஒரே தாய்ச்செடியின் பதியன்கள் இரண்டை வைத்தால் ஒன்றை வைத்ததற்குச் சமம், வேறு தாயின் கன்று வேண்டும். எங்கள் ஊர்த் தாவரத் தோட்டத்து ஒற்றைப் பனையின் கதை உனக்குத் தெரியும்: ஆண்பூ உதிர்ந்த பிறகே பெண்பூ விரியும், தன் இனத்தில் வேறு மரமே இல்லாததால் விதை பிடிப்பது மிக அரிது. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லையே!

களையாய்ப் பரவும் வேலியோரச் சீனக் கொய்யாவை வெட்டி விடாதே, வேரோடு பிடுங்கு. வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த பெரிய பச்சைப் பல்லியை யாராவது ஆசையாகக் கொடுத்தாலும் வாங்காதே, அது நம் சிறிய பல்லிகளைத் தின்றுவிடும்.

உன் செடியில் ஏறும் எறும்பு கறுப்பா, கால் நுனி வெளுப்பா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
கதிர்வேல்