அம்மாவின் கால் ஆறிவிட்டது

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருக்காரருக்கும், தூரத்திலிருந்து வந்துபோனவர்களுக்கும் வணக்கம். வீடு வீடாகப் போய் நன்றி சொல்லச் சொல்லித்தான் அம்மா சொன்னார். யாரையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு விஷயம் இதுதான். அம்மா விடிய 3 மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து நாலு கடைக்குக் கொடுப்பவர். அப்பா போன பிறகு 17 வருஷமாக எங்கள் வீட்டுச் சோறு அதில்தான். பெப்ரவரியில் ஒரு நாள் கிடாரத்தை இறக்கும்போது பிடிதுணி நழுவி, கொதிதண்ணீர் வலது புறங்காலில் கொட்டிவிட்டது. பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட பேஸ்டைக் கால் முழுக்கப் பூசியாச்சு. சத்தம் கேட்டு இறங்கி வந்த மேல்மாடி அக்கா "வத்துர, வத்துர!" (தண்ணீர், தண்ணீர்) என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே அம்மாவை பைப்படிக்கு இழுத்துப் போய், பேஸ்டைக் கழுவிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் ஐஸ் எடுக்க ஓடினேன், அதுவும் கூடாது என்றார். மேலே ஆறினது போலத் தெரிந்தாலும் சூடு தோலுக்குள் கொஞ்ச நேரம் இருந்து சுட்டுக்கொண்டே இருக்குமாம். அக்கா, புண் இன்னும் ஆழமாகப் போகாமல் நின்றதற்கு அந்த 20 நிமிஷம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒன்றுவிட்ட ஒரு நாள் மருந்து கட்டக் கூட்டிப்போய், எத்தனை மணித்தியாலம் காத்திருந்தாலும் காத்திருந்ததற்குக் காசு கேட்காத ஓட்டோ அண்ணைக்கும் நன்றி.

அடுத்தது மருந்து கட்டிய நேர்ஸ் மிஸ். அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்றதுமே அவருடைய முகம் மாறியது. புண்ணின் நடுவில் பத்து ரூபாய்க் குற்றி அளவு ஒரு இடம் வெள்ளையாக இருந்தது, தொட்டாலும் நோகவில்லை. நோகாதது நல்லதுதானே என்று நான் சந்தோஷப்பட, அங்கேதான் ஆழம், நரம்பும் சேர்த்து வெந்திருக்கு என்றார். சொந்தக்காரர் எல்லாரும் காற்றுப் படட்டும், காயட்டும் என்று சொல்ல, மிஸ் மட்டும் ஈரம் காயவே விடவில்லை. பிறகு நான் தேடி வாசித்தேன், ஜோர்ஜ் வின்டர் என்பவர் 1962-இல் பன்றிகளில் செய்து பார்த்த விஷயம் இது: ஈரமாக மூடிவைத்த புண்ணில் புதுத் தோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாக மூடுகிறது. காய்ந்து பொருக்குக் கட்டினால் புதுத் தோல் அதற்கு அடியால் குடைந்துகொண்டு போகவேண்டும்.

மேலோட்டமாக வெந்த இடங்களில் மயிர்க்கால்களைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தோல் முளைத்து, இரண்டு கிழமைக்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. வெள்ளை இடத்தில் அந்த வேர்கள் இல்லை. அங்கே முதலில் மஞ்சளாய்ச் சவ்வு, அது கழன்ற பிறகு மாதுளம் முத்து மாதிரிச் சிவப்பாய்ப் புடைத்த சதை, துடைத்தால் லேசாக இரத்தம். எனக்குத் தலை சுற்றியது. மிஸ் சிரித்தார். அது புது இரத்தக் குழாய்கள், இதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன் என்றார். அதற்குப் பிறகு ஓரத்திலிருந்து உள்ளே, நாளுக்கு ஒரு நூல் அளவுதான். அம்மா குனிந்து பார்த்துவிட்டு "அப்பம் மாதிரி, ஓரம்தான் முதல் பிடிக்குது" என்றார்.

மாற்றமே தெரியாத நாட்களிலும் அவர் ஒரு பழைய கொப்பியில் காலைச் சீனி அளவை எழுதினார், சோற்றைக் குறைத்து முட்டையும் பருப்பும் சாப்பிட்டார், காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு இடியப்பம் பிழியப் பழக்கினார். கயிறு கயிறாக நான் பிழிந்ததை ஒரு சொல் சொல்லாமல் எடுத்த நாலு கடை முதலாளிமாருக்கும் நன்றி. வாங்கிச் சாப்பிட்டவர்கள் மன்னிக்கவும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் நாள் மிஸ், "யார் இதில் பேஸ்ட் பூசினது?" என்று ஏசினார். அம்மா உடனே, "நான்தான் மிஸ், புத்தியில்லாமல்" என்று சொல்லிவிட்டார். 26 வயதில், மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், இன்றுவரைக்கும், அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மிஸ், பூசினது நான்.

ஒன்பது கிழமையில் புண் மூடிவிட்டது. தழும்பு முதிர ஒரு வருஷத்துக்கு மேலும் போகலாம், அப்போதும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வராதாம். வெயில் பட்டால் கறுக்கும் என்று வெளியே போகும்போது சொக்ஸ் போடுகிறார். விடிய 3 மணிக்கு என்னுடைய பழைய பள்ளிக்கூடச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா.

வருகிற ஞாயிறு காலை எல்லாரும் வீட்டுக்கு வாங்கோ. இடியப்பம் அம்மாதான் அவிப்பார், பயப்படவேண்டாம். சொதி மட்டும் நான்.