பத்தடி ஆழம்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ வாரந்தோறும் அம்மாவிடம் பேசுகிறாய் என்பதும், "அப்பாவிடம் கொடுக்கட்டுமா" என்று அம்மா கேட்டால் உடனே உனக்கு வேலை வந்துவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். வேலை இருக்கத்தான் செய்யும். நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் கொல்லைத் தொட்டியைக் கழுவும்போது, ஏழாம் வகுப்பில் நீ அதில் விட்ட மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி அகப்பட்டது. அன்று உனக்கு, நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலை வெடித்துத் தகர்க்கும் டார்பிடோவைச் செய்த ராபர்ட் ஒயிட்ஹெட்டின் கதையைப் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

இன்று குரோஷியாவில் ரியேகா என்று வழங்கும் பியூமே துறைமுகத்தில், லூப்பிஸ் என்ற ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி, வெடிமருந்து நிரப்பிய சிறு படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி ஓட்ட நினைத்தார். அங்கே தொழிற்சாலை நடத்திய ஒயிட்ஹெட் கயிற்றை விட்டுவிட்டு, அழுத்திய காற்றால் நீருக்கடியில் தானே ஓடும் டார்பிடோவை 1866இல் செய்துகாட்டினார். ஓடியது, ஆனால் ஒரே ஆழத்தில் ஓடவில்லை. உன் குப்பி அடியைத் தொடுவதும் மேலே வருவதுமாக இருந்தபோது நீ அழுதாயே, அதே தொல்லைதான். நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் வால்வு ஒன்றைச் சுக்கானோடு இணைத்தால், அது திருத்துவதற்குள் மூக்கு சாய்ந்துவிடும். பிறகு மறுபக்கம் சாயும். ஆகவே சாய்வை உணர ஓர் ஊசலையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக வேலை செய்யவைத்தார். அந்த அமைப்புக்கு 'ரகசியம்' என்றே பெயர். ஊசல் எதற்கு என்று நான் சொல்லுமுன்பே நீ கண்டுபிடித்து நோட்டில் வரைந்தாய். அந்தத் தாளை இன்னும் நீல டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்ட பாதி அமெரிக்காவில் நடந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் தொடங்கியபோது அவர்களுடைய நீர்மூழ்கிகளில் மார்க் 14 என்ற டார்பிடோ இருந்தது. கப்பலின் அடியில் போகும்போதே அதன் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் கருவி அதற்குள் இருந்தது. அந்தக் கருவியை உண்மையான ஒரு கப்பலின்மேல் 1926இல் இரண்டே முறை சோதித்தார்கள், அதில் ஒரு முறை வெடிக்கவில்லை. ஒரு டார்பிடோவின் விலை 10,000 டாலர் என்பதால் மேற்கொண்டு வெடித்துப் பார்க்க மனம் வரவில்லை. கடலுக்குப் போன நீர்மூழ்கிகளின் தலைவர்கள், "சரியாகக் குறிபார்த்தோம், வெடிக்கவில்லை" என்று எழுதினார்கள். கடற்படையின் ஆயுதத் துறையோ, உங்கள் குறியில்தான் பிழை என்று பதில் எழுதியது.

1942 ஜூனில் லாக்வுட் என்ற அட்மிரல், ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் மீன்வலையைக் கடலில் தொங்கவிட்டு அதன் ஊடாக டார்பிடோக்களைச் செலுத்திப் பார்த்தார். 10 அடி ஆழத்துக்கு வைத்த டார்பிடோ 25 அடியில் வலையைக் கிழித்துச் சென்றது. அழுத்தத்தைப் படிக்கும் துளை வால்புறத்தில் இருந்ததால், 46 நாட் (மணிக்குச் சுமார் 85 கி.மீ.) வேகத்தில் நீர் பாயும்போது அங்கே அழுத்தம் குறைவாகத் தெரிந்தது. தான் மேலே இருப்பதாக எண்ணிக்கொண்டு அது இன்னும் கீழே இறங்கியது. முன்னே தொழிற்கூடத்தில் சோதித்தபோது ஆழத்தைப் பதிவுசெய்த கருவியும் இதே பிழையைச் செய்ததால், இரண்டு அளவுகளும் ஒத்துப்போயின, யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இந்த இடத்தைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆழத்தைத் திருத்தியபின் காந்தக் கருவியின் கோளாறு தெரிந்தது. அதை நிறுத்திவைத்து, மோதினால் மட்டும் வெடிக்கும்படி செய்த மறுமாதம், 1943 ஜூலை 24 அன்று, டினோசா என்ற நீர்மூழ்கியின் தலைவர் டாஸ்பிட் ஒரு பெரிய ஜப்பானிய எண்ணெய்க் கப்பலை அடித்து நிறுத்தினார். நின்றுபோன அந்தக் கப்பலின்மேல், விலாவுக்கு நேராக, ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது டார்பிடோக்களை விட்டார். ஒன்றும் வெடிக்கவில்லை. அவர் ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார், கடைசி டார்பிடோவைச் செலவழிக்காமல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பருக்குத் திரும்பக் கொண்டுவந்தார். அங்கே டார்பிடோ முனைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்த்தபோது, நேராக மோதினால் வெடியூசி நசுங்கிச் சிக்கிக்கொள்வதும், சாய்வாக மோதினால் வெடிப்பதும் விளங்கின. அதாவது, மிகச் சரியாகக் குறிபார்த்தவர்களுக்குத்தான் அது வெடிக்காமல் போயிற்று. போர் தொடங்கி 21 மாதங்கள் ஆகியிருந்தன.

ஆகவே உன் சோதனையில் அளந்ததையெல்லாம் தேதியோடும் நேரத்தோடும் எழுதி வை. நகலை உன் கையில் வை. உன் பிடிவாதம் எனக்குப் பெருமைதான், ஆனால் ஐந்து மாதமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதற்கும் அதே பிடிவாதத்தைக் காட்ட வேண்டுமா?

தூக்கம் வராத காரணம் இதுதான், உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. 1989இல் ஆலையில் கொதிகலனின் இரண்டு அழுத்த மானிகளும் ஒத்துப்போகின்றன என்று நான் சான்றெழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டும் ஒரே குழாயில் மாட்டியவை, அந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது, முள் தாமதமாக ஏறுகிறது என்று பயிற்சிக்கு வந்திருந்த பையன் சொன்னான். மேலாளர் என்னிடம் விசாரித்தபோது, பையனுக்கு மானி பார்க்கத் தெரியவில்லை என்றேன். மறுவாரம் அவனை அனுப்பிவிட்டார்கள். ஆண்டுப் பராமரிப்பில் நானே அந்தக் குழாயைக் கழற்றினேன்; ஒரு குச்சிகூட நுழையாத அளவுக்கு உள்ளே உப்புப் படிந்திருந்தது. குத்திச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். கொதிகலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் எங்கே போனான் என்று நான் விசாரிக்கவே இல்லை.

பொங்கலன்று நீ உன் சோதனை அறிக்கையைப் பற்றிச் சொன்னபோது, "மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா, நீ அளந்ததில் தப்பு இருக்கும்" என்று நான் சொன்னேன். அந்த அறிக்கையை நான் வாங்கிப் படிக்கக்கூட இல்லை. அனுப்பு, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். தேதி போட மறக்காதே.

அம்மா சுண்டைக்காய் வற்றல் அனுப்புகிறாள். அந்த ரப்பர் மூடியையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா