கடலைக் கேட்டு நாள் குறியுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விடுமுறைச் சிறப்பிணைப்பில், குடும்பத்தோடு வெப்பமண்டலக் கடற்கரைக்குப் போவது பற்றி வந்திருந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பது என்ற பகுதி உண்மையிலேயே நன்றாக இருந்தது. மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள் என்று எழுதியவர் அனுபவப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அறை, மெத்தை, வைஃபை, நீச்சல் குளம், குழந்தைகளுக்கான விளையாட்டு அறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போன கட்டுரை, கடலைப் பற்றி 'நீல நிறம்' என்பதோடு முடித்துக்கொண்டது. கடலுக்குத்தானே போகிறோம்?

நான் சரக்குக் கப்பல்களில் மேல்தள அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி வெப்பமண்டலக் கடல்களில்தான் கழிந்தது. அதனால் எங்கள் வீட்டில் விடுமுறைத் திட்டம் என் இலாகா. ரத்து செய்யும் அதிகாரம் மட்டும் என் மனைவியிடம் இருக்கிறது.

முதலில் பருவம். பள்ளி விடுமுறை எப்போது, அலுவலகத்தில் லீவு எப்போது என்று பார்த்துத் தேதி வைக்கிறோம். அது தவறில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் தேதி முடிவான பிறகு கரையைத் தேதிக்கு ஏற்ப மாற்றலாம் அல்லவா? அதை யாரும் செய்வதில்லை. இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பியதும் அங்கே கடல் கொந்தளிக்கும்; அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலைப் பக்கம் இறங்கிக் குளிக்கலாம். மலேசியாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குப் பக்கத்து பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும். மேற்கே லங்காவியில் அப்போதுதான் கூட்டம். தாய்லாந்தின் புக்கெட்டுக்கும் கோ சமுய்க்கும் இதே கதைதான்: நவம்பரில் முதலாவதில் வெயில், இரண்டாவதில் அடைமழை. ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு கடல்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, நீங்கள் போகும் கரை காற்றுக்கு முகம் காட்டுகிறதா முதுகு காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். என் இளைய மகள் வாட்ஸ்அப்பில் எந்தக் கடற்கரைப் படத்தை அனுப்பினாலும் 'எந்தப் பக்கம்?' என்றுதான் பதில் போடுவேன். இப்போது பேரப்பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றாலும் 'எந்தப் பக்கம் தாத்தா?' என்கிறார்கள். கேலிதான், இருந்தாலும் பாடம் ஏறியிருக்கிறது.

புயலும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கரீபியன் தீவுகளுக்குப் போக நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அபூர்வம், ஏனென்றால் காற்றைச் சுழல வைக்கும் பூமிச் சுழற்சியின் விசை அங்கே பலவீனம். 2001 டிசம்பரில் 'வாமெய்' என்ற புயல் சுமார் ஒன்றரை டிகிரியில் உருவாகி எங்களைப் போன்ற மாலுமிகளைத் திகைக்க வைத்தது உண்மைதான். அது விதிவிலக்கு. பருவம் தப்பிய மாதங்களில் விடுதிகள் பாதி வாடகை என்று கூவும்போது, மீதிப் பாதிக்கு என்ன கிடைக்காமல் போகிறது என்று கேளுங்கள். மழையைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் புத்தகம் படிக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல பேரம்தான். கடலில் குதிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இல்லை.

அடுத்தது ஓதம். கடல் ஏறுவதும் வற்றுவதும். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கரை நிறையத் தண்ணீர் இருந்தால், ஒரு வாரம் கழித்து அதே எட்டு மணிக்குக் கடல் வற்றிக் கிடக்கும். விடுதிக்காரர் படம் எடுப்பது எப்போதும் ஏற்றத்தில்தான். ஒரு தீவில் எங்கள் மாப்பிள்ளை போட்ட அறை, 'கடலுக்கு இருபது அடி' என்று விளம்பரம் செய்யப்பட்டது. போய் இறங்கிய காலையில் இருபது அடியில் ஈரச் சேறுதான் இருந்தது. தண்ணீர் தொடுவானத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. அப்புறம் நள்ளிரவில் வந்தது. வரவேற்பில் கேட்டதற்கு 'இயற்கை சார்' என்றார்கள். இயற்கைதான். ஆனால் அட்டவணை போட்ட இயற்கை. ஓராண்டு முன்பே அச்சாகிவிடும்.

ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் வற்றத்தின்போது கடல் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு உள்வாங்குவது சாதாரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மாறாக, கரீபியனில் பல இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அரை மீட்டர்கூட வராது. அங்கே இந்தத் தலைவலி இல்லை. வற்றமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை அறை போட்ட அந்தத் தீவில் எங்கள் பிள்ளைகள் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டையையும் குட்டி நண்டுகளையும் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காகக் குந்தியிருந்தார்கள். கறுப்பு முட்களை நீட்டிக்கொண்டு கடல் முள்ளெலிகளும் அங்கேயே இருந்ததால், பழைய கேன்வாஸ் ஷூ இல்லாமல் யாரையும் இறங்க விடவில்லை. வற்றம் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் அது ஒரு நாள் பொழுதுபோக்கு; தெரியாவிட்டால் ஏமாற்றம்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம். கட்டுரையின் நடுவே அரைப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம். இரண்டு பிள்ளைகள் கைகோத்துத் தண்ணீருக்குள் நடக்கிறார்கள். இருபுறமும் வெள்ளை வெளேரென்று அலை உடைகிறது. அவர்கள் நடக்கும் இடத்தில் மட்டும் அலை இல்லை, தண்ணீர் கொஞ்சம் கருத்து அமைதியாக இருக்கிறது. அடியில் 'அலையடிக்காத அமைதியான இடமாகத் தேர்ந்தெடுங்கள்' என்று விளக்கம். ஐயா, அந்த இடம் பெரும்பாலும் இழுப்பு. கரைக்கு வந்து சேரும் அலைநீர் எல்லாம் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டில் எங்காவது ஒரு பள்ளம் கிடைத்தால், படம் விட்டதும் ஒரே வாசல் வழியாகக் கூட்டம் வெளியேறுவதுபோல அத்தனை நீரும் அந்த வழியே கடலுக்குள் ஓடும். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடம்! நுரையும் கலங்கிய மணலும் கரையிலிருந்து உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த இழுப்பின் வேகம் சில நேரம் நொடிக்கு இரண்டரை மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்தி வர முடியாது. ஆனால் அது ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பெரும்பாலும் அலை உடையும் கோட்டைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும். ஆகவே அகப்பட்டவர் கரையைப் பார்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு விலகி, அலை உடையும் இடம் வழியாகக் கரைக்குத் திரும்பலாம். கரையில் நிற்கும் அப்பாவோ மாமாவோ பின்னால் குதிப்பதுதான் பல குடும்பங்களில் இரண்டாவது சாவுக்குக் காரணம். மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு லைஃப் கார்டைக் கூப்பிடுங்கள். வானம் வெளுத்துக் கிடக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி தென்கடலில் அடித்த புயலின் அலை, காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். கேரள மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள்.

அறை எடுக்கும் முன்பே விடுதிக்கு போன் போட்டு, அந்தக் கரையில் லைஃப் கார்டு உண்டா, எத்தனை மணி வரை இருப்பார் என்று கேளுங்கள். 'கடல் பக்கத்திலேயே இருக்கு சார்' என்று சுற்றி வளைத்தால் இல்லை என்று அர்த்தம். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்க வேண்டும். தனிச் சிவப்பு ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடியாகிவிட்டது. ஊதா நிறம் ஜெல்லி மீன் போன்ற கொட்டும் பிராணிகளுக்கு. பிள்ளைகளுக்கு இதைப் போகும் வழியிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

வெயில் பற்றி உங்கள் கட்டுரையாளர் சன்ஸ்கிரீன் என்று ஒரு சொல் எழுதியிருக்கிறார். வெப்பமண்டலத்தில் நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு, அதாவது தோலைச் சுடும் கதிரின் வலுவைச் சொல்லும் எண், 11-ஐத் தாண்டுவது சகஜம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் படி. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் நிழலில் இருக்க வேண்டிய நேரம். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான், சூரியன் விழுந்தால் அரை மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே விடியற்காலையில் கடல், பத்து மணிக்கு மேல் அறை, நாலு மணிக்கு மேல் மறுபடி கடல். மத்தியானம் நன்றாகத் தூங்கட்டும். விடுமுறையில் எதற்குக் கால அட்டவணை என்று மருமகள் முதலில் முணுமுணுத்தாள். இப்போது அந்த மத்தியானத் தூக்கத்துக்கு அவள்தான் முதல் ஆள்.

சிறு விஷயங்கள் சில. டெங்கு கொசு பகலில் கடிப்பது, ஆகவே கொசுவலை மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் வடகரையில் சுமார் நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி மீன் பருவம். வலை கட்டிய இடத்தில்தான் குளிக்க வேண்டும். ஹவாயிலும் பசிபிக் தீவு நாடான பலாவுவிலும் பவளப்பாறையைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை இருக்கிறது, பெட்டி கட்டும் முன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஸ்கூபா மூழ்கலைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பல முறை மூழ்கியவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பது மூழ்குவோர் பின்பற்றும் விதி. மாப்பிள்ளை கடைசி நாளுக்குத்தான் முன்பதிவு செய்திருந்தார், நான் சொல்லி இரண்டாம் நாளுக்கு மாற்றினார்.

இன்னொன்று, இதைச் சொன்னால் 'போகும் முன்பே பயமுறுத்தணுமா' என்று மனைவி கோபித்துக்கொள்வாள். போய்ச் சேர்ந்த அன்று மாலை பத்து நிமிடம் நடந்து, மேடான இடம் எது, அதற்கு வழி எது என்று குடும்பத்தோடு பார்த்து வையுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று புக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில், பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, பள்ளிப் புவியியல் வகுப்பில் அப்போதுதான் படித்த சுனாமி இதுதான் என்று கூச்சல் போட்டாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். நிலம் பலமாக அதிர்ந்தாலோ, நேரம் தவறிக் கடல் உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேடேற வேண்டும். 'நேரம் தவறி' என்று தெரிவதற்கும் ஓத அட்டவணை தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள். உங்கள் இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தையும் விளக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை கடற்கரை ஊர்களைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள்: எந்த மாதங்களில் கடல் அடங்கும், எந்தத் திசைக் காற்றுக்கு முகம் காட்டும் கரை, ஏற்ற வற்ற வித்தியாசம் எவ்வளவு, லைஃப் கார்டு உண்டா. ஓத அட்டவணைகளைப் பல நாடுகளின் கடல்சார் துறைகள் இணையத்தில் இலவசமாகவே போடுகின்றன. அதைப் படிக்க உங்கள் உதவியாசிரியர் யாருக்காவது பழக்கமில்லை என்றால் அனுப்பி வையுங்கள், ஒரு மணி நேரத்தில் சொல்லித் தருகிறேன். காலை வேளைகளில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற கப்பல் அதிகாரி,
தங்கள் நெடுநாள் வாசகன்