பத்மினியின் பாதங்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் காலாவதியான பழைய படங்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் தில்லானா மோகனாம்பாளுக்கு இரண்டே வரி. பாட்டையும் நாகேஷ் நடித்த வைத்தியின் நகைச்சுவையையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டால் இன்றைக்கும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். ‘வெட்டிவிட்டால்’ என்ற அந்த ஒரு சொல் நான்கு நாளாக மனதை அறுக்கிறது.

என் அப்பா நாகப்பட்டினத்தில் பைண்டிங் கடை வைத்திருந்தார். ஆனந்த விகடனில் கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய அந்தத் தொடரை வாரவாரம் கிழித்துச் சேர்த்தவர்கள், வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்துவிட்டுக் கடைசியில் அப்பாவிடம் கொண்டுவருவார்கள். ஒரு பக்கத்தில் கதாநாயகி மோகனா ஆடிக்கொண்டிருப்பாள். தாளைத் திருப்பினால் வேறொரு கதையின் பாதி இருக்கும். அப்பா தைத்து முடித்ததும் நேரே கட்டிங் மெஷினில் வைக்க மாட்டார். ஓவியர் கோபுலுவின் படம் ஓரம் வரை வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் பார்ப்பார். வந்திருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டாமலே விடுவார். புத்தகம் கோணலாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. “ஓரம் கோணலா இருந்தா இருக்கட்டும், சலங்கை போயிடக் கூடாது” என்பார் அப்பா.

உங்கள் கட்டுரையோடு வந்த படத்தைப் பாருங்கள் ஐயா. பத்மினிக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. சிவாஜியின் கையில் உள்ள நாகஸ்வரத்துக்கு அணசு, அதாவது விரிந்த அடிமுனை, இல்லை. நாட்டியத்துக்கும் நாகஸ்வரத்துக்கும் போட்டி என்பதுதான் கதை. காலையும் அணசையும் வெட்டிவிட்டு எதை மிச்சம் வைத்தீர்கள்?

தொலைக்காட்சியிலும் இதே கதிதான். படம் வந்தது 1968-இல். தமிழுக்கு சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை வந்ததே 1973-இல், இதே ஏ.பி. நாகராஜன் எடுத்த ராஜராஜ சோழனில்தான். அதற்கு முந்தைய படத்தை இன்றைய டிவியின் அகலத்துக்கு நிரப்ப வேண்டும் என்று மேலேயும் கீழேயும் கத்தரித்தால் தலையோ காலோ போகத்தானே செய்யும்? அப்படிப் பார்த்துவிட்டு, படத்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்வது எந்த நியாயம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘சிவாஜியின் நாகஸ்வரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாகஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சிக்கல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்தக் கோவிலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, படத்தில் சிவாஜி கன்னத்தை உப்பி மூச்சு வாங்கும் இடமெல்லாம் வாசிப்போடு எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்று தெரியும். நடித்தவரும் வாசித்தவர்களும் சேர்ந்து உழைத்த உழைப்பு அது. பாதியைச் சொல்லி மீதியை விட்டால் எப்படி?

பொன்னியின் செல்வன் 2022-இல் படமாக வந்தபோது, நாவலில் இருப்பது படத்தில் இல்லை என்று வாரக்கணக்கில் எழுதினீர்கள். தில்லானா மோகனாம்பாளும் ஒரு நாவல்தான். எங்கள் வீட்டுப் பிரதி அவ்வளவு தடிமன். அதைக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவர நாகராஜன் எவ்வளவை விட்டிருப்பார் என்று ஒரு வரி உண்டா? கதை யாருடையது என்றாவது சொன்னீர்களா?

படம் மாறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வயதில் தியேட்டரில் பார்த்தபோது நாகேஷின் வைத்தியைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பல வருஷம் கழித்து என் மகளோடு பார்த்தேன். “அந்தப் பொண்ணைப் பணக்காரன்கிட்ட சேர்த்துவிட அலையறான், இதுக்கு ஏம்மா எல்லாரும் சிரிக்கிறாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு வைத்தி வந்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. சிவாஜி நடித்த நாகஸ்வரக்காரர் சண்முகசுந்தரம் மோகனாவைச் சந்தேகப்படும் இடங்களும் அப்படித்தான். கலைஞனின் ரோஷம் என்று முன்பு ரசித்தேன். இப்போது அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கோபம் வருகிறது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியைப் பார்த்தால் சிரிப்புக்கு முன்னால் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் ‘நலந்தானா’. சின்ன வயதில் அது வெறும் பாட்டு. என் கணவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் கிடந்தபோது, கட்டிலைச் சுற்றி மாமியார், கொழுந்தன், பக்கத்துக் கட்டில்காரர்கள் என்று ஒரு கூட்டம். அவரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கத்திக்குத்துப் பட்ட கையோடு உட்கார்ந்திருப்பவனிடம், சபை நடுவில் ஆடிக்கொண்டே நலம் கேட்கிறாளே மோகனா, அது என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இதைக் காலாவதி என்பீர்களா? மருந்துக்குத் தேதி போடலாம். ஒவ்வொரு வயதிலும் எனக்கு வேறு வேறு ஆளைக் காட்டிய படத்துக்கு எந்தத் தேதியைப் போடுவீர்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள். கதை கொத்தமங்கலம் சுப்பு, தொடருக்கு ஓவியம் கோபுலு, படத்தில் நாகஸ்வரம் சேதுராமன், பொன்னுசாமி. இடமிருந்தால் அந்தப் படத்தையும் முழுசாக, பாதமும் அணசும் தெரியும்படி போடுங்கள்.

கோபுலுவின் ஓவியங்கள் தேவைப்பட்டால் அப்பா தைத்த பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆள் அனுப்பினால் தருகிறேன். தையலைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும், அதை யாரும் சரிசெய்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
நாகப்பட்டினம்.