தலையை மட்டும் எண்ணாதீர்கள்: நீலகிரி கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் வணக்கம்.

பொதுத்தேர்வு முடிவு வந்தால் போதும், நூறு விழுக்காடு காட்டிய பள்ளிக்குப் பொன்னாடை, சறுக்கிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் விளக்கம். 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி இருக்கும் மாவட்டம் இது. அதற்கு இணையாக எல்லாம் கேட்கவில்லை. அங்கே கட்டணம் கட்டுகிறவர்கள் வேறு. அரசுப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் நடுவே இத்தனை இடைவெளி ஏன் என்பதே கேள்வி.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். சமவெளிக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். பந்தலூர், கூடலூர் பக்கம் ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடும் யானைத் தடமும் கிடக்கின்றன. பள்ளிகள் சிறியவையாகத்தான் இருக்கும். இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் போய்ப் பாருங்கள். கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல், அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். இடையில் எமிஸ் என்னும் கல்வித் துறை இணையத் தளத்தில் வருகைப்பதிவை ஏற்ற, சிக்னல் தேடிக் கைப்பேசியோடு மேட்டுக்கு ஏற வேண்டும். முதல் வகுப்பு தன் பாட்டுக்குச் சிலேட்டை அழித்துக்கொண்டிருக்கும்.

பெற்றோருக்குக் கண் இல்லையா? கொழுந்து பறித்த கூலியில் மிச்சம் பிடித்து, வேன் வரும் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். 61 பிள்ளைகள் 60 ஆனால் மூன்றாவது ஆசிரியர் 'உபரி'. அவர் போனதும் இன்னும் நாலு பேர் போவார்கள். பிறகு, சேர்க்கை ஏன் குறைந்தது என்று ஒரு கூட்டம் நடக்கும், அதற்கும் ஓர் ஆசிரியர் போக வேண்டும்.

பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி வேறு. முதல் வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். தலைக்கணக்கில் அதற்கு இடமே இல்லை.

மலைப் பள்ளிகளுக்குப் பணியாளர் நிர்ணயத்தை வகுப்புகளின் எண்ணிக்கைப்படி செய்யப் பரிந்துரை அனுப்புங்கள். அரசாணை சென்னையில்தான் என்பது தெரியும். பரிந்துரை இங்கிருந்துதானே போக வேண்டும்? உள்ள இருவரில் ஒருவரை மாற்றுப்பணிக்கு இழுப்பதை நிறுத்துவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் அடுத்த தேர்ச்சிப் பட்டியலில் இன்னொரு கட்டமும் சேருங்கள்: அந்தப் பள்ளியில் கணித ஆசிரியர் அவ்வாண்டு எத்தனை மாதம் இருந்தார் என்று. விளக்கம் யாரிடம் கேட்பது என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்து அரசுப் பள்ளி மாணவியின் தந்தை