ஊத்தங்கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் பள்ளிக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயலின் மழை 2024 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் வட்டாரத்தை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் நலமாகத் திரும்பி வந்துவிட்டார்கள். வகுப்பறைத் தரை காய்ந்துவிட்டது. இன்று மதியம் அந்தத் தரையில் உட்கார்ந்து அவர்கள் சத்தம் போட்டு விளையாடினார்கள். அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நனைந்துபோனவற்றில் பாடநூல்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவை மறுபடி அச்சாகி வரும். என்னை வாட்டியது விளையாட்டுப் பெட்டிதான். பரமபதப் படம், எண் அட்டைகள், தாயக் கட்டம் வரைந்த துணி, பல்லாங்குழிப் பலகைகள், சோழிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் அமரும் பள்ளி எங்களுடையது. 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறோம். நான் அரும்புப் பிள்ளைகளோடு எழுத்தில் இருக்கும்போது மற்ற இரண்டு குழுக்களும் சும்மா இருக்கக் கூடாது. பயிற்சித்தாள் கொடுத்தால் சரியா தவறா என்று கேட்க என்னிடம்தான் வர வேண்டும். ஆட்டத்தில் அந்தத் தேவை இல்லை. தப்பாக எண்ணினால் எதிரில் இருப்பவன் விடமாட்டான். எனக்குத் தெரிந்து இதைவிடக் கண்டிப்பான திருத்துநர் கிடையாது.

பெட்டி போனது ஊரில் யாருக்கும் பெரிய செய்தி இல்லை. அரிசியும் துணியும் போன வீடுகளுக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் தத்தம் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளி திறந்த வாரத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் ஆயா வந்தார். புளி கொட்டை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. நிவாரண விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்திருக்கிறார் என்று எண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரோ தரையிலேயே அமர்ந்து மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே பழைய சேலைத் துண்டில் கட்டிய முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் புளியங்கொட்டை.

பரணில் ஏறியதால் தப்பிய மூட்டையிலிருந்து எடுத்தவையாம். வியாபாரிக்குப் போட வைத்திருந்தது. புழு துளைத்ததையும் சிறுத்ததையும் தள்ளிவிட்டு, ஒரே அளவில் பொறுக்கி, கழுவி, அந்த ஈரக் காலத்தில் அடுப்போரம் பரப்பிக் காயவைத்திருக்கிறார். தனியாக இன்னும் சில சின்ன முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஆறு கொட்டை. ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தார். தாயம் போட! சோழி இல்லாவிட்டால் என்ன, இதைக் குலுக்கிப் போடட்டும் என்றார்.

மலர் நிலைப் பிள்ளைகளிடம் பெரிய முடிச்சுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். எல்லாவற்றிலும் சரியாக 70. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர் என்று பேத்தி ஏற்கெனவே சொல்லியிருந்ததால், எப்படி எண்ணினீர்கள் அம்மா என்று கேட்டேன். "நான் எங்கே டீச்சர் எண்ணினேன்? ஒரு குழிக்கு ஐந்து. இந்தப் பக்கம் ஏழு குழி, அந்தப் பக்கம் ஏழு குழி. அவ்வளவுதானே" என்றார்.

நான் எழுந்து கரும்பலகையில் ஏழேழு வட்டமாக இரண்டு வரிசை வரைந்தேன். பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு வரிசைக்கு 35, இரண்டு வரிசைக்கு 70 என்று நான் கேட்காமலே ஒருவன் சொன்னான். வாய்ப்பாட்டை ஒப்பித்தே சலித்துப்போன பையன் அவன். பெருக்கல் என்பது என்ன என்று அன்று அவனுக்குப் புரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். சிறுமியாக இருந்தபோது திண்ணையில் ஆடிய பல்லாங்குழி ஆட்டம் அந்த அம்மாவின் கையில் இத்தனை ஆண்டுகளாக ஒரு கணக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை அவர் கணக்கு என்று நினைக்கவும் இல்லை. விளையாட்டு எதற்கு, பாடம் நடத்துங்கள் என்று சொல்லும் பெற்றோருக்கு இனி நான் பதில் தேட வேண்டியதில்லை. அவரைத்தான் காட்டுவேன்.

பலகை இல்லாத குறையைச் சத்துணவு அமைப்பாளர் தீர்த்தார். முட்டை வரும் அட்டைகளை வெட்டி, வரிசைக்கு ஆறு குழிதான் என்பதால் ஏழாவதை ஒட்டித் தந்தார். அரும்புப் பிள்ளைகள் குழிக்கு ஒன்றாகப் போட்டு எண்ணுகிறார்கள். மொட்டு நிலையில், நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று எடுக்க வேண்டும். அதனால் மூன்று கிடக்கும் குழிகளின் மேல்தான் கண். மலர் நிலையில் கையில் அள்ளும் முன்பே கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று உதடு அசைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தாயத்தில் ஆறு கொட்டையையும் குலுக்கிப் போட்டு, மூன்று அடிக்கடி விழுகிறது, பன்னிரண்டு அரிதாக விழுகிறது, ஏன் டீச்சர் என்று கேட்டாள் அதே பேத்தி. பெரிய வகுப்பில் நிகழ்தகவு என்ற பெயரில் வரப்போகும் கேள்வி அது. விடையை நான் சொல்லிவிடவில்லை. போட்டுப் போட்டுக் கோடு கிழித்துக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மழைக்குப் பிறகு வாயே திறக்காமல் இருந்த குழந்தை ஒன்றும் எங்களிடம் உண்டு. பெயர் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். ஆட்டத்தில் எதிரில் இருந்தவள் ஒரு குழியைத் தாண்டிப் போட்டதும், "இங்கே போடவில்லை" என்று சத்தமாகச் சண்டைக்குப் போனான். அந்தச் சண்டையை நான் தடுக்கவே இல்லை. தாயே, அதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்கு நன்றி.

வகுப்பறையைக் கழுவிவிட்ட தூய்மைப் பணியாளர், பெஞ்சுகளை இழைத்துக் கொடுத்து ஆசாரிக் கூலி வாங்க மறுத்தவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள், மாலையில் பிள்ளைகளைத் தம் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்ட இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், ஓசூரிலிருந்து நோட்டும் பென்சிலும் அனுப்பிய பழைய மாணவர்கள், தம் பள்ளியின் எண் அட்டைகளில் பாதியைப் பங்கிட்ட பக்கத்து ஊர் ஆசிரியை, வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்கள், எல்லோருக்கும் என் கைகூப்பு. தனித்தனியே எழுத இடம் போதாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஆட்டம் இனிப் பரிசாக இருக்காது. பாடத்தை முடித்தவனுக்குத்தான் விளையாட்டு என்றால், எவனுக்கு அது அதிகம் தேவையோ அவனுக்கு அது கிடைக்காமலே போகும். தண்டனையாக அதைப் பறிக்கவும் மாட்டேன். அந்த முடிச்சுகள் பார்வையாளர் வரும்போது மட்டும் திறக்கும் பீரோவுக்குள் போகாது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரியில்தான் இருக்கும். தொலைந்தால் தொலையட்டும், இந்த ஊரில் புளியமரத்துக்குப் பஞ்சம் இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆடுபுலி ஆட்டம் தொடங்குகிறோம். மூன்று புலி, 15 ஆடு. கட்டம் வரையத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மதியங்களில் வந்து பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் உட்காருங்கள். கட்டம் போட இடத்தை ஒழித்து வைத்திருக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
இடைநிலை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஊத்தங்கரை ஒன்றியம்